ஆபத்து எண் ஒன்று

அர்த்தநாரியின் கேரவனை ஏழு பட்டறைக்காரர்கள் பார்த்தார்கள். ஏழு பேரும் ஏழு வியாதி சொன்னார்கள். முதல் ஆள் பேட்டரி என்றார். இரண்டாவது ஆள் முதல் ஆளின் பரம்பரையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, பிரேக் என்றார். மூன்றாவது ஆள் ஒயரை எலி கடித்திருக்கிறது என்று சொல்லி எலியையும் பிடித்துக் காட்டினார். அது அந்தப் பட்டறையிலேயே பிறந்து வளர்ந்த எலி என்பது அங்கிருந்த பூனையின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான்காவது ஆளும் ஐந்தாவது ஆளும் கழற்றியதைத் திரும்ப மாட்டி, மிச்சமான நட்டுகளைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். ஆறாவது ஆள், முகப்பில் தொங்குகிற எலுமிச்சம்பழமும் மிளகாயும் வண்டியின் கண்ணை மறைக்கின்றன, அவிழுங்கள் என்றார். ஏழாவது ஆள், அவிழ்த்ததுதான் தப்பு என்றார்.

வண்டி நிற்பது மட்டும் நிற்கவில்லை.

அது தானாக ஓடுகிற வண்டி. அந்தக் காலத்தில் எல்லா வண்டியும் அப்படித்தான். ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று ஓரங்கட்டி, இரண்டு பக்க விளக்கையும் மினுக்கிக்கொண்டு, ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். சரியாக அரை மணி நேரம் கழித்துத் தானே கிளம்பும். ஏன் நின்றாய் என்று கேட்டால் முன் திரையில் ஒரே வரி எழுதிக் காட்டும்: 'ஆபத்து தவிர்க்கப்பட்டது.' என்ன ஆபத்து? கண்ணுக்கெட்டிய தூரம் ஓர் ஆட்டுக்குட்டிகூட இருக்காது. பட்டறைக்குக் கொண்டுபோனாலோ, தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அவ்வளவு ஒழுங்கு. பட்டறைக்காரர் ஏறி பத்து மைல் சுற்றிவிட்டு வந்து, "ஒண்ணுமில்லீங்களே சார்" என்பார்.

அர்த்தநாரி திருச்செங்கோட்டில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரம்பைத் தொட்டதே இல்லை. வகுப்பு வாசலில் நின்று 'க்க்ஹூம்' என்று ஒரு தரம் தொண்டையைக் கனைப்பார். அறுபது பையன்கள் வாயிலிருந்த கடலைமிட்டாயை மெல்லாமல் விழுங்குவார்கள். மின்விசிறியே மெதுவாகச் சுற்றும் என்று சொல்வார்கள். அது மிகை, அந்தப் பள்ளியில் விசிறி எப்போதும் மெதுவாகத்தான் சுற்றும்.

பொறாமை என்பது சிலருக்குக் காய்ச்சல் மாதிரி, வந்து போய்விடும். அவருக்கு அது சர்க்கரை வியாதி மாதிரி. தினமும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மனைவி கோகிலாவுக்குப் பூசாரி ஒரு சிட்டிகை குங்குமம் கூடுதலாகக் கொடுத்தால் கோயிலை மாற்றுவார். கண்டக்டர் "பார்த்து ஏறுங்கம்மா" என்றால் அடுத்த பஸ்ஸில் போகலாம் என்பார். நாடி பிடித்த டாக்டரிடம், "போதும், அவ்வளவு நேரம் வேண்டாம்" என்று சொன்னவர். ஆனால் இவர்களெல்லாம் சில்லறை. முப்பத்தெட்டு வருஷமாக அவர் நெஞ்சில் குடியிருந்த ஆள் ஒருவன்தான்: கோகிலாவின் அத்தை மகன் சென்னியப்பன். முறைக்கு அவன் கட்டியிருக்க வேண்டியது, ஜாதகம் கூடவில்லை. கட்ட முடியாத முறைப்பையனுக்குக் கேலி பேசும் உரிமை மட்டும் ஆயுசுக்கும் உண்டு என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கல்யாணம், காதுகுத்து என்று எந்தப் பந்தலிலும் அவன் நாலு வார்த்தை பேசுவான், கோகிலா சிரிப்பாள், அர்த்தநாரிக்குச் சோறு இறங்காது.

ஓய்வு பெற்றதும் அவர் கேரவன் வாங்கியதன் ரகசியம் இதுதான். உள்ளே இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு குளியலறை. சொந்தபந்தம் இல்லாத ஊர்களாகப் பார்த்து, மனைவியைத் தனக்கே தனக்கென்று கூட்டிக்கொண்டு சுற்றலாம். சுற்றினார். விடிந்தால் ஒரு கோயில், பொழுது சாய்ந்தால் ஒரு கோயில், நடுவில் எங்கும் நிறுத்தம் கிடையாது.

வண்டி வந்த அன்று கம்பெனி ஆள் ஒரு கைப்பட்டையை நீட்டினான். "இதுக்குப் பேரு காப்புங்க சார். வண்டிக்கு எது ஆபத்துன்னு நாங்க சொல்லித் தர்றதில்லை. ஊருக்கு ஊரு அது வேற வேற. மூணு மாசம் இதைக் கட்டிக்கிட்டு முன்சீட்டுல உட்காருங்க. இது உங்க நாடியைப் பார்க்கும், சுத்தி நடக்கறதைக் கேட்கும். எதுக்கு உங்க நாடி துள்ளுதோ, அது ஆபத்துன்னு வண்டி படிச்சுக்கும். அப்புறம் காப்பு வேண்டாம், வண்டியே பார்த்துக்கும்."

காப்பு என்றதும் கோகிலா உள்ளே போய் மஞ்சள் கொண்டுவந்து அதன் மேல் தடவினாள். அர்த்தநாரி கிழக்கே பார்த்து நின்று கட்டிக்கொண்டார். கம்பெனி ஆள் கையேட்டின் பதினோராம் பக்கத்தில் ஏதோ காட்ட வந்தான். அவர் கனைத்தார். அவன் போய்விட்டான்.

ஒன்பதாவது தடவை வண்டி நின்றது ஜேடர்பாளையத்தில், காவிரிக் கரையில். கோகிலா அப்போது சித்தப்பா மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வண்டி நின்றதும் போனை வைத்துவிட்டு இறங்கிப் போய்ப் படித்துறையில் காலை நனைத்தாள்; திரும்பும்போது இலையில் மீன் வறுவல் வாங்கி வந்தாள். அர்த்தநாரி வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"போதும் கோகிலா. இந்தச் சனியனை வித்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

கோகிலா முள்ளை எடுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். வீடு என்றால் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர். வெகுநேரம் காவிரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விக்கறதுக்கு முன்னால எங்க மச்சான்கிட்ட ஒருக்கா காட்டிப்போட்டு வித்தா என்னங்க? நாமக்கல்லு இங்கிருந்து கூப்புடு தூரம்."

அர்த்தநாரி கனைத்தார். ஆனால் யோசித்தும் பார்த்தார். வண்டியை விற்றால் ஊர். ஊர் என்றால் மாசத்துக்கு நாலு பந்தல். ஒவ்வொரு பந்தலிலும் சென்னியப்பன். வண்டியைக் காட்டினால் ஒரே ஒரு நாள் சென்னியப்பன். விஷத்தை ஒரே மடக்காகக் குடிப்பது மேல் என்று தீர்மானித்தார்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. சென்னியப்பன் செய்வது பெட்டி வைத்தியம், அதாவது வண்டியின் புத்தி கெட்டால் சரிபண்ணுவது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவனுக்கு வழுக்கை விழுந்து தொந்தி தள்ளியிருக்கும் என்று அர்த்தநாரி ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஆசையோடு போய் ஏமாந்திருக்கிறார். இப்போதும் தலை நிறைய முடி. பொறாமைக்காரனுக்குக் கடவுள் செய்கிற முதல் துரோகம், எதிராளிக்கு முடியை விட்டுவைப்பதுதான்.

"வா புள்ள கோகிலா! வாங்ணா, வாங்! என்னங்ணா இப்புடி எளைச்சுப் போயிட்டீங்க? எங்க புள்ள சோறு போடறதில்லீங்களா?"

"போடறேன் மச்சான். யாரு பரிமாறுன சோறுன்னு யோசிச்சுக்கிட்டே பாதியில எந்திரிச்சுருவாரு."

அர்த்தநாரி நேராக விஷயத்துக்கு வந்தார். ஏழு பட்டறை, ஒன்பது நிறுத்தம், எலி உட்பட எல்லாவற்றையும் சொன்னார். சென்னியப்பன் வண்டியைத் தொடவே இல்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டாக்டர் மாதிரி கேள்வி கேட்டான்.

"அந்த ஏழு பேரும் ஓட்டிப் பார்த்தப்ப வண்டியில யாரு இருந்தாங்க?"

"அவங்க மட்டும்."

"கோகிலா?"

"வெளியில நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பா. பட்டறை ஆளுங்களோட எதுக்கு வண்டியில?"

"சீக்கு வூட்டுக்குள்ள இருக்குது, வைத்தியம் வாசல்ல நடந்திருக்குது. ஏறுங்ணா, மூணு பேரும் ஒரு ரவுண்டு போலாம்."

அர்த்தநாரி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். அங்கே உட்கார இடம் கிடையாது; தண்ணீர்க் குடம் வைக்கிற பலகை. அதன்மேல் உட்கார்ந்தார். வண்டி பரமத்தி ரோட்டில் வெண்ணெய் மாதிரி போயிற்று. சென்னியப்பன் அவர் தலைக்கு மேலாகவே பேசினான்.

"ஏம்புள்ள, உங்க கல்யாணப் பந்தியில நான் பாயாசம் ஊத்துனேனே, ஞாபகம் இருக்குதா?"

"அதுல உப்பு கரிச்சுது மச்சான்! மாப்பிள்ளை வூட்டுக்காரங்க துப்பிப் போட்டாங்க."

"பின்னே? சக்கரை தீந்துபோச்சு. அன்னைக்கு என்கிட்ட இருந்தது கண்ணீரு மட்டுந்தான். ரெண்டு கரண்டி கூடவே போட்டேன்."

கோகிலா சிரித்தாள். முதலில் கடுகு பொரிகிற மாதிரி இரண்டு மூன்று. அப்புறம் எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்து, சுழன்று, அடங்கத் தெரியாமல் சுழலும் அல்லவா, அப்படி.

வண்டி ஓரங்கட்டி நின்றது. இரண்டு பக்க விளக்கும் மினுங்கின. 'ஆபத்து தவிர்க்கப்பட்டது.'

"பார்த்தியா, பார்த்தியா!" என்றார் அர்த்தநாரி, ஏதோ ஜெயித்துவிட்டவர் போல.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தான், அர்த்தநாரியைப் பார்த்தான், அரை மணி நேரமும் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வண்டி கிளம்பியதும், "பட்டறைக்குப் போலாம்" என்றான்.

முன்சீட்டுக்கு அடியிலிருந்து பெட்டியைக் கழற்றி, ஒரு ஒயரைச் செருகினான். பட்டறைச் சுவரில் இருந்த பெரிய திரை விழித்தது.

"இதுதான் ஆபத்துப் பட்டியலுங்ணா. மூணு மாசத்துல உங்க நாடி எதுக்கு எம்புட்டுத் துள்ளுச்சோ அந்த வரிசை. ஆறாவது, ரோட்டுப் பள்ளம். அஞ்சாவது, நாயி. நாலாவது, குடிச்சுப்போட்டு வர்ற பைக்கு. மூணாவது, எதுத்தாப்புல வர்ற பஸ்ஸு. ரெண்டாவது, பிரேக் புடிக்காத லாரி. ஒண்ணாவது..." அவன் நிறுத்தினான். "ஒண்ணுல படமே இல்லீங்ணா. சத்தம் மட்டுந்தான் இருக்குது."

"போடு" என்றார் அர்த்தநாரி.

சென்னியப்பன் அழுத்தினான். இன்ஜின் சத்தம் கேட்பதற்காகப் பட்டறை முழுக்கப் பொருத்தியிருந்த ஒலிபெருக்கிகளில் கடுகு பொரிந்தது. அப்புறம் எவர்சில்வர் தட்டு விழுந்து சுழன்றது. வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் முகமூடியைத் தூக்கிவிட்டு, ஏன் என்று தெரியாமலே சிரித்தார்கள்.

அர்த்தநாரி அப்படியே நின்றார். முப்பத்தெட்டு வருஷமாக அந்தச் சத்தம் கிளம்பினால் அவர் கண் முதலில் ஓடும், யாரோடு என்று பார்க்க. காதுக்கு முறை வந்ததே இல்லை. இப்போது பார்ப்பதற்கு ஆள் யாரும் இல்லை. வெறும் சுவர், வெறும் சத்தம். முதல் தடவையாகக் கடைசி வரைக்கும் கேட்டார். நன்றாகத்தான் இருந்தது.

"காப்ப வண்டிய விட்டு எறங்குனா அவுத்து வெச்சிரோணுமுங்ணா. பதினோராம் பக்கத்துல போட்டிருப்பாங்களே?"

"கட்டின காப்பை முடியிற வரைக்கும் அவிழ்க்கிற வழக்கம் எங்க வீட்ல இல்லை."

"அது மாரியாத்தா நோம்பிக்குங்ணா! என்ர மவன் கண்ணாலத்துக்கு வந்தீங்களே, அப்ப?"

"கையிலதான் இருந்தது."

"சரியாப் போச்சு. லாரி, பஸ்ஸுன்னு படிக்கோணுமின்னு குடுத்தா, நீங்க கண்ணால வூட்டையும் பந்தியையும் படிக்கக் குடுத்திருக்கறீங்க. அது என்ன பண்ணும் பாவம்? லாரியைப் பார்த்துத் துள்ளுனதை விட இந்தச் சிரிப்பக் கேட்டு ரெண்டு பங்கு துள்ளியிருக்குதுங்ணா உங்க நாடி." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங். வண்டிக்கு யாருகூடச் சிரிக்கறாங்கன்னு தெரியாது. சிரிச்சா நிக்கும், அவ்வளவுதான். அப்ப அவ உங்ககூடச் சிரிச்சப்பவும் நின்னிருக்கோணுமே. அது எத்தனை தடவை?"

அர்த்தநாரி மனசுக்குள் எண்ணினார். கொடிவேரியில் தங்கை புருஷனோடு போனில். ஏற்காட்டு மலை வளைவில் பலாப்பழக்காரன் ஜன்னலோரம் ஏதோ சொன்னபோது. பவானியில் மகளோடு. ஜேடர்பாளையத்தில் சித்தப்பா மகனோடு. ஒன்பதையும் எண்ணி முடித்தார். ஒன்றுகூடத் தன் பங்குக்கு வரவில்லை.

அப்போது கோகிலா, வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, "எனக்கு ரெண்டாவது தடவையே தெரியுமுங்க" என்றாள்.

இரண்டு ஆண்களும் திரும்பினார்கள்.

"என்ன தெரியும்?"

"சிரிச்சா நிக்குதுன்னு. மூணாவது தடவை வேணும்னே சிரிச்சுப் பார்த்தேன். நின்னுச்சு." ஒரு கடி கடித்துக்கொண்டாள். "கொடிவேரிகிட்டப் போறப்ப நிறுத்துங்கன்னு சொன்னேன். 'தண்ணிதானே, வீட்டுக் குழாய்ல வராததா'ன்னீங்க. ஏற்காட்டுல சொன்னேன். 'மலைதானே, திருச்செங்கோட்டுல இல்லாத மலையா'ன்னீங்க. சரி, இவரு நிறுத்த மாட்டாரு, வண்டி நிறுத்துதேன்னு, எடம் பார்த்து யாருக்காச்சும் போனைப் போட்டேன். ஜேடர்பாளையத்து மீனு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"அப்போ ஏழு பட்டறைக்கும் பேசாம கூடவே வந்தியே?"

"நீங்க கேட்டீங்களா? என்னை வெளிய நாற்காலியிலல்ல உட்கார வெச்சீங்க. வித்துப்போடறேன்னு சொன்னதாலதான் இங்க கூட்டியாந்தேன்."

சென்னியப்பன் எழுந்துபோய் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்து முடித்துவிட்டுச் சொன்னான்: "பெட்டியைத் தொடைச்சுப்போட்டுப் புதுசாக் காப்புக் கட்டோணும். அரை மணி நேர வேலை. ஆனா ஒண்ணு. அண்ணா கட்டுனா மூணு மாசத்துல இதே சீக்குதான் திரும்ப வரும்."

கோகிலா இடது கையை நீட்டினாள். "நான் கட்டிக்கறேன்."

சென்னியப்பன் புதுக் காப்பை எடுத்துக்கொண்டு அவள் கையருகே வந்தான். வந்தவன் கையில் அது இல்லை, அர்த்தநாரி பிடுங்கியிருந்தார். காப்புக்கு ஒரே ஒரு கொக்கி. ஒரு தரம் அழுத்தினால் போதும். அவர் மூன்று தரம் அழுத்தினார்.

"பதினோராம் பக்கத்துல..." என்று சென்னியப்பன் ஆரம்பித்தான்.

"நானும் அவுக்க மாட்டேன் மச்சான்" என்றாள் கோகிலா. "வீட்டு வழக்கத்தை மாத்தக் கூடாது."

மூன்று மாசமும் அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். காப்பு முடிந்தது, மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுத்து வைத்தார்கள். வண்டி அப்புறம் தங்கமாக ஓடிற்று. பழனி போயிற்று, தென்காசி போயிற்று. கோகிலா போனில் எவ்வளவு சிரித்தாலும் நிற்கவில்லை. அர்த்தநாரிக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் அதைக் கேட்டு ஒத்தூத இப்போது வண்டிகூட இல்லை.

திருநெல்வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது கோகிலா, "கூந்தன்குளம்னு ஒண்ணு இருக்குதாமுங்க. வீட்டு மரத்துலயே நாரை கூடு கட்டுமாம். போலாங்களா?" என்றாள்.

பறவைதானே என்று சொல்ல வாயெடுத்த அர்த்தநாரி, அதற்கு முன்னால் வழக்கப்படி, 'க்க்ஹூம்' என்றார்.

வண்டி ஓரங்கட்டி நின்றது. இரண்டு பக்க விளக்கும் மினுங்கின.

இருவரும் திரையைப் பார்த்தார்கள். 'ஆபத்து தவிர்க்கப்பட்டது.' பட்டியலைத் திறக்க அர்த்தநாரி இதற்குள் கற்றிருந்தார். திறந்தார். இரண்டாவது ஆபத்து, பிரேக் பிடிக்காத லாரி. முதலாவதில் படம் இல்லை. அழுத்தினார்.

க்க்ஹூம்.

இன்னொரு தரம் அழுத்தினார். அறுபது பையன்கள் கடலைமிட்டாயை விழுங்குகிற சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது அவருக்கு. கோகிலாவைப் பார்த்தார். அவள் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாரிக்கு மேலயா?" என்றார்.

"கொஞ்சம் மேலதாங்க" என்றாள் அவள், திரும்பாமலே.

அரை மணி நேரம் ஆயிற்று. வண்டி கிளம்பிற்று. "கூந்தன்குளம் போ" என்று அர்த்தநாரியே அதற்குச் சொன்னார். போகிற வழியில் கோகிலாவின் போன் அடித்தது. சென்னியப்பன். ஸ்பீக்கரில் போட்டாள். "வண்டி எப்புடிப் புள்ள ஓடுது? அண்ணன் இன்னும் குடப் பலகையிலதான் உட்கார்ந்திருக்காரா?" என்றான்.

அர்த்தநாரியின் தொண்டையில் ஒன்று கிளம்பியது. அடிவயிற்றிலிருந்து கிளம்பியது; முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். கழுத்துவரை வந்துவிட்டது. திரையைப் பார்த்தார். வாயை இறுக மூடினார். கண் பிதுங்கியது, காது சிவந்தது, கன்னம் இரண்டும் உப்பின. கடலைமிட்டாயை முழுசாக விழுங்குகிற ஒன்பதாம் வகுப்புப் பையன் மாதிரி, 'ம்ளக்' என்று விழுங்கினார்.

கோகிலா அதைப் பார்த்தாள். கடுகு பொரிந்தது. தட்டு விழுந்தது. சுழன்றது, சுழன்றது, அடங்கவே இல்லை. அர்த்தநாரி பழைய பயத்தில் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வண்டி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்புள்ள, என்ன அப்புடிச் சிரிப்பு?" என்றது போன். "என்கிட்டயுந்தான் சொல்லேன்."

"அதொண்ணுமில்ல மச்சான்" என்றாள் கோகிலா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அது எங்களுக்குள்ள."

மறுமுனையில் சென்னியப்பன் தொண்டையைக் கனைத்துக்கொள்வது கேட்டது.

வண்டி லேசாக வேகத்தைக் குறைத்தது. இது வேறு ஆள் என்று தெரிந்ததும் மேலே போயிற்று.